ஓய்வுக்கு அப்புறம் ஓடுற வீடு: ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து, படிக்க ஏற்றபடி திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு கணக்கோட ஆரம்பிக்கலாம்.

அமெரிக்காவுல ஒரு பிக்கப் டிரக். ப்ரோஷர்ல "18,000 பவுண்டு வரைக்கும் இழுக்கும்"னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. அதுக்குப் பின்னாடி மாட்டப் போற ட்ரெய்லர் வீட்டோட அதிகபட்ச எடை 16,000 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல சுமார் ஏழேகால் டன். பதினெட்டுல பதினாறு போனா இரண்டாயிரம் மிச்சம். சேல்ஸ்மேன் தலையாட்டுறார். அறுபத்தஞ்சு வயசு தம்பதி, ஊர்ல இருந்த வீட்டை வித்த காசுல, கையெழுத்து போடப் போறாங்க.

அந்த டிரக் அந்த வீட்டுக்குச் சரிப்படாது. கொஞ்சம் நஞ்சம் இல்ல, சுமார் 1,500 பவுண்டு அளவுக்குச் சரிப்படாது. ஏன்னு புரிஞ்சா, இந்த எபிசோட்ல பாதி முடிஞ்ச மாதிரி.

இந்த டாபிக் எதுக்குன்னு கேட்பீங்க. நம்ம கேட்கறவங்கள்ல நிறைய பேர் அமெரிக்க டீம்களோட வேலை பார்க்கறீங்க, சில பேர் அங்கேயே இருக்கீங்க. ரிட்டயர் ஆகப் போற சீனியர் ஒருத்தர் ஃபேர்வெல் கால்ல "ஒரு ஃபிஃப்த் வீல் வாங்கியிருக்கோம், இனிமே ரோடுதான் வீடு"ன்னு சொல்றது அங்க சாதாரணம். எனக்கு இதுல பிடிச்சது அதோட இன்ஜினியரிங் பக்கம். ஒரு பொருளோட தரம் எங்க ஒளிஞ்சிருக்கும், ஸ்பெக் ஷீட்டை எப்படிப் படிக்கணும்னு கத்துக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல்ல, அது என்ன ஐந்தாவது சக்கரம்?

குதிரை வண்டி காலத்துப் பெயர் இது. நாலு சக்கர வண்டியில முன் அச்சு இடது வலதா திரும்பணும் இல்லையா? அதுக்கு அச்சுக்கு மேல படுக்கை வாட்டுல ஒரு வளையம் வச்சாங்க. பார்க்க இன்னொரு சக்கரம் மாதிரியே இருக்கும். நாலு சக்கரத்துக்கு மேல ஒண்ணு, அதனால ஐந்தாவது சக்கரம். வண்டி மாறிடுச்சு, பெயர் நின்னுடுச்சு.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதுக் காரெல்லாம் ஏத்திக்கிட்டு போற நீள ட்ரெய்லர் லாரியைப் பார்த்திருப்பீங்க. முன்னாடி எஞ்சின் பகுதி தனி, பின்னாடி ட்ரெய்லர் தனி. ரெண்டையும் சேர்க்கிற இடத்துல ஒரு தட்டு, அதுக்குள்ள மேலேருந்து இறங்கிப் பூட்டிக்கிற ஒரு தடி. அந்தத் தடிக்கு கிங்பின்னு பேரு. அதே தத்துவம்தான் இங்கயும். பிக்கப் டிரக்கோட பின்பக்கத் தொட்டிக்குள்ள ஹிட்ச்னு ஒரு தாங்கி. ட்ரெய்லர் வீட்டோட முன்பகுதி அந்தத் தொட்டிக்கு மேல நீட்டிக்கிட்டு வந்து, அதுல கிங்பின் மூலமா உட்காரும்.

சாதாரண ட்ரெய்லர் டிரக்கோட பம்பருக்குப் பின்னாடி இருக்கிற ஒரு குண்டுல மாட்டும். அதாவது திரும்புற புள்ளி பின் அச்சைத் தாண்டி சில அடி பின்னாடி. பக்கவாட்டுல காத்து அடிச்சா, இல்ல பெரிய லாரி ஒண்ணு உரசிக்கிட்டுப் போனா, ட்ரெய்லர் ஒரு நெம்புகோல் மாதிரி டிரக்கோட வாலைப் பிடிச்சு ஆட்டும். ஃபிஃப்த் வீல்ல திரும்புற புள்ளி பின் அச்சுக்கு மேலயே இருக்கு. நெம்புகோலோட நீளம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால ஆட்டம் ரொம்பக் குறைவு. பெரிய வீட்டை இழுத்துக்கிட்டு மாசக்கணக்குல சுத்த நினைக்கிறவங்க இதைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முக்கியக் காரணம் இதுதான். டிரக்கைக் கழட்டி விட்டுட்டு கடை, மருத்துவமனைன்னு போய்ட்டு வரலாம்ங்கிறது இன்னொரு வசதி.

ஆனா இந்த நிதானம் சும்மா வரல. அதுக்கு விலை, எடை.

இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற

பம்பர்ல மாட்டுற ட்ரெய்லர் தன் எடையில சுமார் 10 முதல் 15 சதவீதத்தை டிரக் மேல வைக்கும். ஃபிஃப்த் வீல் பொதுவா 20 சதவீதம், சில சமயம் 25 வரைக்கும் வைக்கும். இதுக்கு பின் வெயிட்னு பேரு. நம்ம 16,000 பவுண்டு வீட்டுக்கு 20 சதவீதம் போட்டா 3,200 பவுண்டு, ஏறக்குறைய 1,450 கிலோ. ஒரு ஸ்விஃப்ட் கார் சுமார் 900 கிலோ. அப்போ ஒன்றரை ஸ்விஃப்ட்டைத் தூக்கி டிரக் தொட்டியில வச்ச மாதிரி.

இப்ப டிரக்கோட டிரைவர் பக்கக் கதவைத் திறங்க. கதவு மூடுற இடத்துல, தூண்ல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு அதுல போட்டிருக்கும். இதுதான் பேலோட். ப்ரோஷர் எண் ஒரு மாடல் வரிசையோட சிறந்த நிலையைச் சொல்லும். இந்த ஸ்டிக்கர் உங்க முன்னாடி நிக்கிற அந்த ஒரு வண்டியைப் பத்திச் சொல்லும். சன் ரூஃப், நாலு கதவு, டீசல் எஞ்சின்னு ஒவ்வொண்ணா சேரச் சேர இந்த எண் குறைஞ்சுக்கிட்டே வரும்.

கணக்கு போடுவோம். பின் வெயிட் 3,200. ஹிட்ச் 200. ரெண்டு பேர் 350. டூல்ஸ், நாய், தண்ணி கேன், நாற்காலி எல்லாம் சேர்த்து 250. மொத்தம் 4,000 பவுண்டு.

அங்க "முக்கால் டன்"னு கூப்பிடுற டீசல் டிரக் ஒண்ணோட ஸ்டிக்கர்ல 2,500 பவுண்டுன்னு இருந்தா, 1,500 அதிகம். முதல்ல சொன்ன தம்பதியோட டிரக் இந்த ரகம்தான். "ஒரு டன்" டிரக்ல, பின்னாடி பக்கத்துக்கு ஒரு சக்கரம் இருக்கிற வகையில, 4,000 கிடைச்சாலும் எல்லைக்கோட்டு மேலயே நிக்கறீங்க. பின் அச்சுல பக்கத்துக்கு ரெண்டு டயர் இருக்கிற டூவலி வகையில 5,500 கிடைச்சா, 73 சதவீதம்தான் பயன்படுது.

சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது உடனே புரியும். சர்வர் நூறு சதவீத சிபியூ-ல ஓடுதுன்னா "ஆஹா, முழுசா பயன்படுத்துறோம்"னு யாரும் சந்தோஷப்பட மாட்டோம். அடுத்து ஒரு சின்ன ஸ்பைக் வந்தா விழுந்துடும்னு பயப்படுவோம். ரோட்டுல ஸ்பைக்னா மலை இறக்கம், திடீர் பிரேக், ஜூலை மாச அரிசோனா வெயில், ஒரு பள்ளம். ஃபிஃப்த் வீல்ல தரம்னா என்னன்னு ஒரே வார்த்தையில கேட்டா, என் பதில் "மிச்சம்". எடையில மிச்சம், டயர்ல மிச்சம், பணத்துல மிச்சம், உடம்புல மிச்சம். மீதி எபிசோட் முழுக்க இந்த ஒரு வார்த்தையோட விளக்கம்தான்.

இதுலேருந்து வர்ற முதல் முடிவு: வீட்டை முதல்ல தேர்ந்தெடுங்க, டிரக்கை அப்புறம். பல பேர் கையில இருக்கிற டிரக்கை வச்சுக்கிட்டு அதுக்கு வீடு தேடுறாங்க. ஷோரூம்ல மனசு பெரிய வீட்டுக்குப் போயிடும், கணக்கு பின்னாடியே நின்னுடும்.

வீட்டுக்குள்ள எவ்வளவு வைக்கலாம்?

ட்ரெய்லர்லயும் ஸ்டிக்கர் உண்டு. காலியா ஃபேக்டரியை விட்டு வந்த எடைக்கும், தாங்கக்கூடிய அதிகபட்ச எடைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் நீங்க உள்ள வைக்கக்கூடிய சாமான் எடை. வார இறுதிக்கு மட்டும் போறவங்களுக்கு 1,500 பவுண்டு போதும். வருஷம் முழுக்க அதுலயே வாழப் போறவங்களுக்கு?

தண்ணியை எடுத்துக்குங்க. ஒரு கேலன் 8.3 பவுண்டு. 60 கேலன் டேங்க் நிரப்பினா கிட்டத்தட்ட 500 பவுண்டு. அது சாமான் கணக்குலதான் வரும். குளிச்ச தண்ணி, கழிவுத் தண்ணி டேங்க்கை காலி பண்ணாம கிளம்பினா அதுவும் சேரும். வாஷிங் மெஷின், சோலார் பேனல், பேட்டரி, ரெண்டு சீசனுக்கும் துணி, பாத்திரம், மருந்து, ஆல்பம், தையல் மெஷின். வீட்டை வித்துட்டு வர்றவங்க கூட்டிக் கழிச்சுப் பார்த்தா 2,500, 3,000 பவுண்டு இடம் இருக்கிற வீடுதான் நிம்மதி.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ப்ரோஷர்ல போடுற பின் வெயிட் காலி வீட்டோடது. ஆனா சாமான் வைக்கிற பெரிய அறை படுக்கையறைக்குக் கீழ, முன்பக்கம்தான் இருக்கும். அலமாரியும் முன்பக்கம், ஜெனரேட்டர் வைக்கிற இடமும் பெரும்பாலும் முன்பக்கம். நீங்க வைக்கிற சாமான்ல பெரிய பங்கு நேரா கிங்பின் மேல ஏறும். அதனால எப்பவும் அதிகபட்ச எடையில 20 சதவீதத்துக்கு மேலதான் கணக்குப் போடணும். காலி எண்ணை நம்பி டிரக் வாங்கக் கூடாது.

வாங்கின பிறகு எடை போட்டே பார்க்கணும். அங்க நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்கள்ல கேட் ஸ்கேல்னு எடை மேடை இருக்கும். நம்ம ஊர் வே பிரிட்ஜ் மாதிரிதான். ஒவ்வொரு அச்சுத் தொகுதிக்கும் தனித்தனி எடை வந்துடும். எஸ்கேப்பீஸ்னு ஒரு கிளப் இருக்கு, 1978-ல தொடங்கினது. அவங்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனியா எடை பார்க்கிற வசதி வச்சிருக்காங்க. அது ஏன் முக்கியம்னா, வீட்டோட இடது வலது சமமா இருக்காது. ஒரு பக்கம் சமையலறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் வந்துடும். அச்சோட மொத்த எடை சரியா இருந்தாலும், ஒரே ஒரு டயர் தாங்க முடியாம இருக்கலாம்.

குனிஞ்சு பாருங்க: அச்சு, டயர், சேசிஸ்

ஷோரூம்ல உள்ள நுழைஞ்சா மின்சார நெருப்படுப்பு, பெரிய டிவி, தீவு மாதிரி கிச்சன் மேடை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியுற தரம். கண்ணுக்குத் தெரியாத தரம் கீழ இருக்கு. அழுக்குத் துணி போட்டுக்கிட்டு ட்ரெய்லருக்குக் கீழ படுத்துப் பார்க்கிறவரை எந்த டீலரும் கொஞ்சம் மரியாதையா நடத்துவார்.

நம்ம 16,000 பவுண்டு வீட்டுல 3,200 டிரக் மேல போயிடுச்சு. மீதி 12,800 ட்ரெய்லரோட அச்சுகள் மேல. ஆளுக்கு 7,000 பவுண்டு தாங்குற ரெண்டு அச்சு போட்டா மொத்தம் 14,000. அதாவது 91 சதவீதம். பேப்பர்ல சரி. அதே வீட்டுக்கு 8,000 பவுண்டு அச்சு ரெண்டு போட்டா 80 சதவீதம். முதல் வீடு சட்டத்துக்குச் சரி, ரெண்டாவது வீடு பத்து வருஷத்துக்குச் சரி.

டயரும் அப்படித்தான். இந்த வகை வீடுகள்ல பரவலா வர்ற எஸ்.டி.235/80ஆர்16 அளவு, லோட் ரேஞ்ச் ஈ டயர் ஒண்ணு 80 பி.எஸ்.ஐ. காத்துல 3,520 பவுண்டு தாங்கும். நாலுக்கு 14,080. திரும்பவும் 91 சதவீதம். காத்து கொஞ்சம் குறைஞ்சாலே மிச்சம் காலி. அதைவிட மேல் படிகளான ஜி, ஹெச் ரேஞ்ச் டயர் போட்டா நிம்மதி. டயர் பக்கச் சுவர்ல டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 1824ன்னு இருந்தா 2024-ஆம் வருஷம் 18-ஆவது வாரம் தயாரிச்சது. பயன்படுத்திய வண்டியில பட்டன் ஆழமா இருக்கேன்னு ஏமாறக் கூடாது. ட்ரெய்லர் டயர் தேய்ஞ்சு சாகுறதை விட வயசாகி சாகுறதுதான் அதிகம். ஐந்து, ஆறு வருஷத்துல மாத்திடணும். வேகமும் பாருங்க. பழைய எஸ்.டி. டயர்கள் பலது 65 மைல் வேகத்துக்கு மட்டும் சான்று பெற்றது. டெக்சஸ்ல ஸ்டேட் ஹைவே 130-ல வேக வரம்பே 85 மைல். ரோடு அனுமதிக்கிறதை டயர் அனுமதிக்காது.

அப்புறம் கமான் பட்டை. லீஃப் ஸ்ப்ரிங்கை மாட்டுற போல்ட்டுல உள்ள புஷ் மலிவான வீடுகள்ல பிளாஸ்டிக்ல வரும். சில ஆயிரம் மைல்ல அது தேய்ஞ்சு இரும்பும் இரும்பும் உரச ஆரம்பிக்கும். வெண்கல புஷ், கிரீஸ் அடிக்கிற போல்ட் இருக்கான்னு கேளுங்க. சின்ன பாகம்தான், ஆனா தயாரிச்சவர் எங்க காசை மிச்சம் பிடிச்சார்னு அது காட்டிக் கொடுத்துடும். பிரேக்கும் அப்படி. டிரம் பிரேக் வேலை செய்யும், டிஸ்க் பிரேக் மலை இறக்கத்துல தெம்பு கொடுக்கும்.

சேசிஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. கிங்பின் இருக்கிற முன்பகுதி அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. ஒவ்வொரு பள்ளத்துலயும் அங்கதான் வளைவு வரும். பயன்படுத்திய வண்டின்னா முன்பகுதி கீழே இறங்குற மூலைகள்ல வெளிச் சுவர் விரிசல் விட்டிருக்கா, சன்னல் ஓரத்துல இடைவெளி தெரியுதா, உள்ள படுக்கையறை அலமாரி சுவரை விட்டு விலகியிருக்கான்னு பாருங்க. ஹிட்ச்ல மாட்டி, ஜாக்கி தூக்கி இறக்கும்போது ஒருத்தர் அந்த மூலையையே பார்த்துக்கிட்டு இருக்கணும். சுவர் அசைஞ்சா நடையைக் கட்டுங்க.

ஒழுகல்தான் எதிரி

இந்த வீடுகளைக் கொல்றது விபத்து இல்ல, தண்ணி. கூரை மேல ரப்பர் மாதிரி ஒரு உறை. ஈ.பி.டி.எம்., டி.பி.ஓ., பி.வி.சி.ன்னு மூணு வகை உண்டு. எந்த வகையா இருந்தாலும் ஏசி, வென்ட், ஏரியல்னு ஓட்டை போட்ட இடமெல்லாம் சீலன்ட் தடவித்தான் மூடியிருப்பாங்க. ஓடும்போது வீடே ஒரு சின்ன நிலநடுக்கத்துல இருக்கு. சீலன்ட் விரியும். பல கம்பெனிகளோட கையேடே மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூரையைப் பாருன்னு சொல்லுது. இதை வாங்குறதுக்கு முன்னாடியே யோசிங்க. எழுபது வயசுல பதின்மூணு அடி உயரக் கூரை மேல யார் ஏறப் போறாங்க? அந்த வேலைக்கு ஆள் வைக்கிற செலவும் பட்ஜெட்ல இருக்கணும்.

சுவர்ல ஃபைபர்கிளாஸ் தாளுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு கேளுங்க. மெல்லிய லுவான் ப்ளைவுட்டா இருந்தா, தண்ணி போனதும் ஊறி, ஒட்டு விட்டு, வெளிச் சுவர் அப்பளம் மாதிரி உப்பும். ஆஸ்டெல் மாதிரி மரமே இல்லாத கலவைப் பலகைன்னா அந்தக் கவலை குறைவு. பயன்படுத்திய வண்டியில வெயில் சாய்ஞ்ச நேரத்துல சுவரைப் பக்கவாட்டுல இருந்து பாருங்க. உப்பல் அப்பதான் நிழலா தெரியும். உள்ள அலமாரி மூலைகள்ல கையை வச்சு அழுத்துங்க. மெத்துன்னு இருந்தா விலை பேசவே வேண்டாம்.

சுவரே வெளிய நகர்ந்து அறையைப் பெரிசாக்குற ஸ்லைடு அவுட்டையும் இங்க சொல்லிடணும். ஒவ்வொரு ஸ்லைடும் சுவர்ல போட்ட ஒரு பெரிய ஓட்டை, ஒரு மோட்டார், ஒரு ரப்பர் பட்டை. நாலு ஸ்லைடு வீடு அழகு. ஆனா பழுதாகறதுக்கு நாலு இடம். ஸ்லைடெல்லாம் உள்ள இழுத்த நிலையில பாத்ரூமுக்குப் போக முடியுதா, ஃப்ரிட்ஜ் திறக்குதான்னு ஷோரூம்லயே மூடச் சொல்லிப் பாருங்க. நடு ரோட்டுல அந்தக் கேள்வி கண்டிப்பா வரும்.

பேட்ஜ் பல, ஊர் ஒண்ணு

"எந்த பிராண்ட் நல்லது?"ங்கிற கேள்விக்கு நேரான பதில் ஏன் கிடையாதுன்னா, அந்தத் தொழிலோட அமைப்பு அப்படி. அமெரிக்காவுல இந்த வண்டிகள்ல பெரும்பாலானது இண்டியானா மாநிலத்துல எல்கார்ட் ஊரைச் சுத்தியே தயாராகுது. ஷோரூம்ல பத்து பெயர் இருந்தாலும் பெரிய குழுமங்கள் மூணு. கீஸ்டோன், ஜேகோ ரெண்டும் தோர் இண்டஸ்ட்ரீஸ் கீழ. கிராண்ட் டிசைனை 2016-ல வின்னபேகோ வாங்கிடுச்சு. ஃபாரஸ்ட் ரிவர் 2005-லேருந்து வாரன் பஃபெட் பெயரோட நாம சேர்த்தே கேட்ட பெர்க்ஷையர் ஹாத்தவே வசம். இவங்க எல்லாரும் சேசிஸ், அச்சு, ஸ்லைடு மோட்டார் மாதிரி பாகங்களைப் பெரும்பாலும் ஒரே சில சப்ளையர்கள்கிட்ட வாங்குறாங்க. லிப்பர்ட்ங்கிற பெயரை எந்த வண்டிக்குக் கீழ படுத்தாலும் பார்ப்பீங்க.

அதனால பிராண்டை விட மாடல் வரிசையைக் கேளுங்க. ஒரே கம்பெனியே வார இறுதிக்கான லேசான வீடும் கட்டும், வருஷம் முழுக்க வாழுறதுக்கான கனமான வீடும் கட்டும். அச்சு எண், டயர் எண், சாமான் எடை எண். இந்த மூணும் எந்த பேட்ஜையும் விட அதிகம் சொல்லும்.

கதவுப் பக்கம் ஆர்.வி.ஐ.ஏ. முத்திரை இருக்கும். அதைத் தரச் சான்றுன்னு நினைச்சுக்காதீங்க. தீ, கேஸ், மின்சாரம், குழாய் இணைப்பு சம்பந்தமான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதுன்னு சொல்ற முத்திரை அது. அவசியமானது. ஆனா அலமாரி நேரா இருக்கா, சீலன்ட் ஒழுங்கா தடவியிருக்காங்கிறதை அது பார்க்காது. "நாலு பருவத்துக்கும் ஏற்றது"ங்கிற ஸ்டிக்கரும் அப்படித்தான். சட்டப்படி அதுக்கு ஒரே வரையறை கிடையாது. அடிப்பகுதி மூடியிருக்கா, டேங்க் இருக்கிற இடத்துக்கு வெப்பக் காத்து போகுதா, சன்னல் இரட்டைக் கண்ணாடியான்னு தனித்தனியா கேட்கணும்.

வாரண்டி பேப்பர்ல ரிட்டயர் ஆகறவங்களுக்குன்னே ஒரு கண்ணி இருக்கு. பல கம்பெனிகளோட வாரண்டி, வீட்டை நிரந்தரக் குடியிருப்பா பயன்படுத்தினா செல்லாதுன்னு சொல்லும். ஷோரூம்ல "வீட்டை வித்துட்டு இதுலயே இருக்கப் போறோம்"னு சந்தோஷமா சொல்ற அதே வாக்கியம் பின்னாடி கோரிக்கையை நிராகரிக்கக் காரணமாகலாம். முழுநேரப் பயன்பாட்டுக்கு வாரண்டி உண்டுன்னு எழுத்துல காட்டுற மாடல்கள் இருக்கு. தேடி எடுங்க. இன்சூரன்ஸ்லயும் முழுநேரக் குடியிருப்புக்குத் தனி பாலிசி உண்டு.

பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி டீலரோட ஆள் இல்லாத தனி இன்ஸ்பெக்டர் ஒருத்தரை வச்சுப் பார்க்கிறது நல்ல பழக்கம். என்.ஆர்.வி.ஐ.ஏ.ங்கிற சங்கம் சான்று பெற்ற இன்ஸ்பெக்டர்களோட பட்டியலை வச்சிருக்கு. கோட் ரிவ்யூ இல்லாம ப்ரொடக்ஷனுக்குத் தள்ளுவீங்களா? அது மாதிரிதான் இதுவும். புது வண்டியா இருந்தாலும் செய்யணும். டெலிவரி எடுத்ததும் டீலர் ஊர்லயே சில ராத்திரி தங்கி எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா சுவிட்சையும் போட்டு, மழை பெய்ஞ்சா கொடுத்து வச்சவங்கன்னு நினைச்சுக்கிட்டு பார்க்கலாம்.

எங்க போகப் போறீங்க?

வண்டியோட அளவைத் தீர்மானிக்க வேண்டியது பயணம். குளிர்காலத்துல வடக்குலேருந்து வெயிலைத் தேடிப் போற ஓய்வுபெற்றவங்களை அங்க ஸ்னோபேர்ட்னு சொல்வாங்க. டெக்சஸோட தென்கோடிக்கு வர்றவங்களுக்கு வின்டர் டெக்சன்னே பேரு. வருஷத்துல ரெண்டே தடவை வண்டியை நகர்த்தி, அஞ்சாறு மாசம் ஒரே பார்க்ல தண்ணி, கரண்ட் இணைப்போட இருக்கப் போறீங்கன்னா 40 அடி வீடு சரி.

ஆனா தேசியப் பூங்காக்களைச் சுத்திப் பார்க்கத்தான் கிளம்புறீங்கன்னா கதை வேற. அங்க உள்ள முகாம் இடங்கள்ல பலது இவ்வளவு பெரிய வண்டிகள் வர்றதுக்கு முந்தின காலத்துல போட்டது. நீள வரம்பு இருக்கும். 62 வயசு ஆனவங்களுக்கு 80 டாலர்ல வாழ்நாள் சீனியர் பாஸ் உண்டு. குடிமக்களுக்கு மட்டும் இல்ல, கிரீன் கார்டு வச்சிருக்கிறவங்களுக்கும் கிடைக்கும். அங்க செட்டில் ஆன நம்ம ஆட்களோட அப்பா அம்மாவும் இதுல வருவாங்க. பல மத்திய அரசு முகாம்கள்ல பாதிக் கட்டணம். ஆனா 40 அடி வீட்டோட போனா அந்தச் சலுகை பல இடத்துல பாஸோட நின்னுடும், வண்டி உள்ள போகாது. 30 அடிப் பக்கம் இருக்கிற வீடுன்னா கதவு நிறைய திறக்கும்.

அரிசோனாவுல குவார்ட்ஸ்சைட்னு ஒரு பாலைவன ஊர். நோமட்லேண்ட் படம் பார்த்தவங்களுக்கு அந்த நிலப்பரப்பு தெரிஞ்சிருக்கும். அதுல ஃபெர்ன் இருக்கிறது ஒரு வேன்ல, கதையும் வேற. அந்த ஊர்ப் பக்கத்துல மத்திய அரசு நிலத்துல செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைக்கும் நீண்ட நாள் தங்குறதுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறாங்க. ஆனா உங்க வண்டிக்குன்னு கரண்ட் இணைப்போ குழாய் இணைப்போ கிடையாது. அப்போ சோலார், பேட்டரி, பெரிய தண்ணி டேங்க் வேணும். எல்லாமே எடை. பாருங்க, சுத்திச் சுத்தி அதே மிச்சம் கணக்குக்குத்தான் வர்றோம்.

ஓட்டுநர் உரிமத்தையும் பார்த்துக்கணும். கலிஃபோர்னியாவுல 15,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஃபிஃப்த் வீலை இழுக்க, வணிகம் சாராத கிளாஸ் ஏ உரிமம் வேணும். டெக்சஸ்ல டிரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினா அதே மாதிரி. நம்ம உதாரண வீடு 16,000. கலிஃபோர்னியாக்காரங்க பரீட்சை எழுதணும்.

உடம்போட மிச்சம்

இது ஸ்பெக் ஷீட்லயே இல்லாத பகுதி. ஃபிஃப்த் வீல்ல படுக்கையறை பெரும்பாலும் மேல் தளத்துல, உள்ளயே சில படி ஏறணும். வாசல்லயும் படி. இன்னைக்கு ஓகே. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம்? ராத்திரி மூணு தடவை பாத்ரூம் போற வயசுல? படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல படி இருக்கான்னு பாருங்க. கைப்பிடி போட இடம் இருக்கா? படுக்கையை ரெண்டு பக்கமும் நடந்து சரி பண்ண முடியுதா? ஒரு பட்டன் அழுத்தினா தானே சமமாகுற ஹைட்ராலிக் ஜாக்கியை சொகுசுன்னு சொல்லுவாங்க. எழுபது வயசுல அது இடுப்புக்கு இன்சூரன்ஸ்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் ஓட்டுவாங்களா? பெரும்பாலும் ஒருத்தர்தான் மாட்டுவார், கழட்டுவார், ஓட்டுவார். அவருக்கு வீட்டுலேருந்து ஆயிரம் மைல் தள்ளி நெஞ்சு வலி வந்தா, இன்னொருத்தர் அந்த வீட்டை நகர்த்த முடியுமா? முடியலைன்னா வண்டி ரொம்பப் பெரிசு. வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேருமே ஒரு காலி மைதானத்துல மாட்டி, ஓட்டி, ரிவர்ஸ் எடுத்துப் பழகணும். ட்ரெய்லர் ஓட்டக் கத்துக் கொடுக்கிற பள்ளிகளும் அங்க உண்டு.

எஸ்கேப்பீஸ் கிளப்னு சொன்னேன் இல்லையா, அவங்களோட தலைமையகம் டெக்சஸ்ல லிவிங்ஸ்டன்ங்கிற ஊர்ல. நிரந்தர முகவரி இல்லாதவங்களுக்குத் தபால் வாங்கி அனுப்புறதை ஒரு சேவையா அங்க நடத்துறாங்க. அதே வளாகத்துல கேர்னு ஒரு மையம். முதுமையாலயோ நோயாலயோ இனிமே பயணம் பண்ண முடியாதவங்க, தங்களோட ட்ரெய்லரை அங்க நிறுத்தி, அதுலயே இருந்துக்கிட்டு, சாப்பாடும் உதவியும் வாங்கிக்கலாம். எனக்கு இந்தத் தலைப்புல படிச்சதிலேயே ரொம்ப யோசிக்க வச்சது இதுதான். ஓடுற வீடு ஒரு நாள் நிக்கும். அந்த நாளையும் சேர்த்து யோசிச்சு வாங்கினவங்களுக்குத்தான் நடுவுல இருக்கிற வருஷங்கள் நல்லா அமையும்.

அதனால பணக் கணக்கிலயும் மிச்சம் வைக்கணும். புது வண்டியோட மதிப்பு முதல் சில வருஷத்துலயே பெரிசா இறங்கும். மூணு, நாலு வருஷம் ஆன, நல்லா பராமரிச்ச, கனமான மாடல் ஒண்ணு அதே காசுக்குக் கிடைக்கிற புது லேசான மாடலை விட நல்ல தேர்வா இருக்கும். முதல் வருஷக் கோளாறுகளை முதல் ஓனர் சரி பண்ணியிருப்பார். முடிஞ்சா ஊர் வீட்டை உடனே விக்காம, ஒரு வாடகை ட்ரெய்லர்ல ஒரு குளிர்காலம் இருந்து பாருங்க. திரும்பி வர ஒரு வாசல் இருக்கிறதும் மிச்சம்தான்.

சுருக்கமா வரிசை சொல்லிடறேன். எங்க, எத்தனை மாசம்னு முடிவு பண்ணுங்க. உடம்புக்கு ஏத்த அமைப்பைத் தேர்ந்தெடுங்க. அச்சு, டயர், சாமான் எடைன்னு மூணு எண்ணையும் எழுதி, எதுவுமே 85 சதவீதத்தைத் தாண்டலைன்னு பாருங்க. 85ங்கிறது நான் வச்சிருக்கிற கோடு, சட்டம் இல்ல. அதுக்கப்புறம் 20 சதவீதம் பின் வெயிட் போட்டு, கதவு ஸ்டிக்கர் பார்த்து டிரக் வாங்குங்க. வாரண்டியை எழுத்துல வாங்குங்க. இன்ஸ்பெக்டரை வைங்க. நெருப்படுப்பும் டிவியும் இந்தப் பட்டியல்ல எங்கயும் இல்ல, கவனிச்சீங்களா? அதை எல்லாம் அப்புறம் கூட வாங்கிக்கலாம். அச்சையும் சேசிஸையும் அப்படி மாத்துறது சுலபம் இல்ல.

அடுத்த எபிசோட்ல மின்சாரம். பாலைவனத்துல கரண்ட் இணைப்பே இல்லாம ஒரு ஏசி ஓட எத்தனை பேட்டரி வேணும்னு உட்கார்ந்து கணக்குப் போடலாம். அதுவரைக்கும், பார்த்து ஓட்டுங்க.